எல் போர்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு

பிளஸ் டூ தேர்வு முடிந்து பதினெட்டு வயதும் நிறைந்துவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு கார் ஓட்டக் கற்றுக்கொள்வதுதான். கூடவே பெற்றோருக்கு ஒரு கேள்வியும் வரும். "எல்.எல்.ஆர். எடுத்தாச்சு. இனி பிள்ளை பேருக்குத் தனியா இன்சூரன்ஸ் போடணுமா? குறைஞ்ச செலவுல எது கிடைக்கும்?" அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உறவினர் இருந்தால், பிள்ளையின் பெயரைச் சேர்த்ததும் பிரீமியம் எகிறிவிட்டது என்று அவர்கள் சொல்லும் கதை இந்தக் கவலையைக் கூட்டும்.

அவர்கள் சொல்வது அங்கே உண்மை. நம் நாட்டில் கணக்கு வேறு. இங்கே இன்சூரன்ஸ் காரோடு போகிறது, ஓட்டுபவரோடு அல்ல. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால், எங்கே பணம் மிச்சம், எங்கே ஆபத்து என்பதும் புரியும்.

இங்கிலாந்திலிருந்து வந்த சட்டம்

கார்கள் பெருகிய காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. விபத்தில் அடிபட்டவர் வழக்கில் ஜெயித்தாலும், கார் ஓட்டியவரிடம் பணம் இல்லையென்றால் கையில் எதுவும் வராது. இதற்காகவே 1930-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் தேர்வு கட்டாயமானதும், வெள்ளைத் தகட்டில் சிவப்பு 'எல்' எழுத்து வந்ததும் அங்கே 1935-இல்தான். அதாவது, ஓட்டத் தெரிகிறதா என்று சோதிப்பதற்கு முன்பே, அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க வழி செய்துவிட்டார்கள்.

இந்தியாவில் 1914-லேயே ஒரு மோட்டார் வாகனச் சட்டம் இருந்தது. ஆனால் அதில் கட்டாய இன்சூரன்ஸ் இல்லை. 1939-இல் வந்த புதிய சட்டம் தன் எட்டாவது அத்தியாயத்தில் அதைச் சேர்த்தது. சட்டம் வந்தாலும் அந்த அத்தியாயம் மட்டும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. 1946 ஜூலை 1 முதல்தான் அமலானது. 1956-இல் செய்த திருத்தம், சிவில் கோர்ட்டுக்கு அலையாமல் நஷ்டஈடு கேட்கத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்தது. இன்று நாம் பின்பற்றும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

விலையை யார் வைத்தார்கள்?

1973 ஜனவரி 1 அன்று பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நான்காகச் சுருங்கின. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம் சென்னை. நான்கு கம்பெனிகள் இருந்தாலும் விலை ஒன்றுதான். கட்டண ஆலோசனைக் குழு வகுத்த கட்டண அட்டவணையை எல்லோரும் பின்பற்ற வேண்டும்.

அந்த அட்டவணை எதைக் கேட்டது என்று பாருங்கள். காரின் என்ஜின் எத்தனை சி.சி., காரின் வயது என்ன, இன்றைய மதிப்பு என்ன, எந்த மண்டலத்தில் பதிவானது. சென்னை, மும்பை, டெல்லி போன்ற எட்டு பெருநகரங்கள் 'ஏ' மண்டலம். மற்ற ஊர்கள் 'பி' மண்டலம். ஓட்டுபவருக்கு வயது பதினெட்டா ஐம்பதா என்பது அந்தக் கணக்கின் அடிப்படையில் இல்லை.

2000-இல் தனியார் கம்பெனிகள் மீண்டும் வந்தன. முதல் உரிமங்களில் ஒன்றைப் பெற்ற ராயல் சுந்தரமும் சென்னையைச் சேர்ந்ததே. 2007 ஜனவரி 1 முதல், நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியின் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்றானது. தேர்ட் பார்ட்டி விலை மட்டும் அரசுத் தரப்பு அறிவிப்பதாகவே தொடர்கிறது. 2022 ஜூன் 1 முதல் அறிவித்த விலைப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. வரி தனி. இந்தப் பகுதிக்கு எந்தக் கம்பெனியிலும் அதே விலைதான். ஆகவே 'மலிவான தேர்ட் பார்ட்டி' என்று தேடி அலைய வேண்டாம். விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ஓன் டேமேஜ் பகுதியைத்தான்.

எல்.எல்.ஆர். செல்லுமா?

பழைய அட்டவணையிலிருந்து வந்த வழக்கப்படி, நம் கார் பாலிசியில் 'ஓட்டுநர்' பற்றி ஒரு பத்தி இருக்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம்; எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3-ஆம் விதியைப் பின்பற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த விதி கேட்பது இவைதான்: எல்.எல்.ஆர். நடப்பில் இருக்க வேண்டும் (அதன் ஆயுள் ஆறு மாதம்). லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில், உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் எல் போர்டு இருக்க வேண்டும்.

இருந்தும், கற்றுக்கொள்பவர் ஓட்டிய விபத்துகளில் 'முறையான லைசென்ஸ் இல்லை' என்று கம்பெனிகள் கைவிரிப்பது வழக்கமாக இருந்தது. 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, எல்.எல்.ஆரும் சட்டப்படி லைசென்ஸ்தான் என்று தெளிவாக்கியது. லைசென்ஸ் விஷயத்தில் கோளாறு இருந்தாலும், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு கார் உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழியையும் அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது.

நம் வீடுகளைத் தொடும் இடம் இந்தக் கடைசி வரிதான். உயிரிழப்புக்கோ படுகாயத்துக்கோ தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சமாகலாம். அது உரிமையாளர் மீது திரும்பினால் ஃபிளாட்டையே விற்க வேண்டி வரலாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் 'தெருமுனை வரைக்கும்தானே' என்று சாவியைக் கொடுப்பதன் விலை இது. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பழகுவதற்கும் இது பொருந்தும். பாலிசியின் ஓட்டுநர் பத்தி, தெருவென்றும் வளாகமென்றும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பதினெட்டு நிறையாத பிள்ளைக்குக் கார் லைசென்ஸே கிடையாது. பதினாறு வயதில் கிடைப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத இருசக்கர வண்டிக்கு மட்டும். 2019 திருத்தத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளி ஆவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது.

செலவு எங்கே குறையும்?

பிள்ளை ஓட்டப் பழகுவதால் இங்கே பிரீமியம் உடனே ஏறுவதில்லை. ஏறுவது, சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடும்போது. நோ கிளைம் போனஸ் ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே கிளைமில் பூஜ்யமாகிவிடும். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீதப் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கட்டுவது 5,000. தூணில் உரசியதற்கு 4,000 ரூபாய் கிளைம் செய்தால், அடுத்த ஐந்து ஆண்டுகளில் கட்டுவது 10,000, 8,000, 7,500, 6,500, 5,500. கூடுதலாகப் போவது மொத்தம் 12,500. கற்றுக்கொள்ளும் காலத்துக் கீறல்களைக் கையிலிருந்து சரிசெய்வதே லாபம்.

அந்தப் போனஸ் காருக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கினால், அப்பா அம்மா பெயரில் வாங்கும்போது அவர்கள் போனஸ் புதிய பாலிசிக்கு வரும். பிள்ளை பெயரில் வாங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடக்கம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும்.

புதுக் கார் என்றால், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் மூன்று ஆண்டுத் தேர்ட் பார்ட்டியைச் சேர்த்தே வாங்க வேண்டும். பட்ஜெட்டில் அதற்கும் இடம் வையுங்கள். வண்டி அதிகம் ஓடாத வீடுகளுக்கு, ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டும் வசதியை 2022 முதல் கம்பெனிகள் தரலாம். புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளர் இடத்தில் நிற்கிறார், அவரைத் தேர்ட் பார்ட்டியாகக் கருத முடியாது என்று 2009-இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, ஓட்டும் பிள்ளைக்கே அடிபட்டால் அந்தப் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். பிள்ளை பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள். 'பையனுக்குத் தனியா இன்சூரன்ஸ் வேணுமா?' என்ற கேள்விக்குச் சரியான பதில் அதுதான். தேவைப்படுவது கார் இன்சூரன்ஸ் அல்ல, அவன் உயிருக்கும் உடம்புக்குமான இன்சூரன்ஸ்.