பதின்மூன்று நாள் வெள்ளோட்டம்

1968 செப்டம்பர் 23. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிரண்டல் என்னும் ஆற்றோர ஊர். ஈஸ்ட்வுட் படகுப் பட்டறையில் புதிதாகக் கட்டிய டிரைமரன் என்னும் மூவுடல் பாய்மரப் படகு ஒன்று தண்ணீரில் இறங்கக் காத்திருந்தது. வழக்கப்படி ஷாம்பெயின் பாட்டிலைப் படகின் மேல் அடித்தார் கிளேர் குரோஹர்ஸ்ட். பாட்டில் உடையவில்லை. பட்டறைக்காரர் ஜான் ஈஸ்ட்வுட் முன்வந்து உடைத்துக் கொடுத்தார். கடலோடிகள் இதை நல்ல சகுனமாகக் கொள்வதில்லை. ஆனால் 'டின்மத் எலெக்ட்ரான்' என்ற அந்தப் படகின் கதையில் சகுனம் பார்க்கத் தேவையே இல்லை. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் படகு அடுத்த சில வாரங்களிலேயே சொல்லிவிட்டது.

கிளேரின் கணவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட் 1932இல் காஜியாபாத்தில் பிறந்தவர். சாமர்செட்டில் கடற்பயணத்துக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனம் நடத்திவந்தார். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றிவரும் போட்டியை சண்டே டைம்ஸ் வார ஏடு அறிவித்ததும் அதில் இறங்கினார். அக்டோபர் 31க்குள் புறப்பட்டாக வேண்டும் என்பது விதி. அந்தத் தேதிதான் படகைக் கட்டியது என்றே சொல்லலாம்.

அவர் தேர்ந்தெடுத்தது அமெரிக்கர் ஆர்தர் பைவர் வடிவமைத்த 'விக்ட்ரஸ்'. சுமார் 40 அடி நீளம், ஒட்டுப்பலகை உடல். நடுவில் ஒரு கூடு, இரு பக்கமும் இரண்டு மிதவைகள். 1960இல் தன் சிறிய டிரைமரனில் அட்லாண்டிக்கைக் கடந்து காட்டியவர் பைவர். டிரைமரனுக்கு அடியில் கனத்த ஈயம் கிடையாது. அகலமே அதன் பலம். சாதகக் காற்றில் பறக்கும். ஆனால் ஒருமுறை குப்புறக் கவிழ்ந்தால் தானாக நிமிராது. அதற்காகப் பாய்மர உச்சியில் ஊதிப் பெருக்கும் பை ஒன்றும், அதைத் தானாக இயக்கும் மின்னணு அமைப்பும் வைக்கத் திட்டமிட்டார் குரோஹர்ஸ்ட். கம்பிகள் இழுக்கப்பட்டன, அமைப்பு முடியவே இல்லை.

அக்டோபர் 2 அன்று, போட்டிக்குப் புறப்பட வேண்டிய டின்மத் துறைமுகத்தை நோக்கி முதல் பயணம் தொடங்கியது. மூன்று நாளில் போய்ச் சேரலாம் என்பது கணக்கு. பிடித்ததோ பதின்மூன்று நாள்.

இங்கிலீஷ் கால்வாயில் மேலைக் காற்று முகத்தில் அடித்தது. எதிர்காற்றில் இடமும் வலமுமாக மாறி மாறிச் சென்றால்தான் பாய்மரப் படகு முன்னேறும். இந்தப் படகோ முன்னேறுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் நழுவியது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மணிக்கணக்காக ஓடித் திரும்பினால், கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே வந்து நின்றது. படகு கட்டும் தொழிலில் வெள்ளோட்டம் என்பதே இதற்குத்தான். குறையைக் கண்ட பிறகு படகைக் கரையேற்றி, மாதக்கணக்கில் திருத்தி, மறுபடியும் கடலில் விட்டுப் பார்ப்பார்கள். குரோஹர்ஸ்டிடம் எஞ்சியிருந்தது பதினாறு நாள். அந்த மனிதரை நினைத்தால் மனம் கனக்கிறது. தன் படகு எப்படிப்பட்டது என்பது கரையில் நின்ற எவரையும்விட அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

டின்மத்தில் அந்த நாட்கள் பரபரப்பில் கரைந்தன. கடைசி இரவில், படகு தனக்கு ஏமாற்றமளிக்கிறது என்று மனைவியிடம் சொல்லி அழுதார். மறுநாள், கெடு முடிய சில மணி நேரமே இருக்கையில் புறப்பட்டார். எடுத்துவைத்த உதிரிப் பாகங்களில் ஒரு குவியல் கரையிலேயே தங்கிவிட்டது. சில நாட்களிலேயே மிதவையின் மூடி வழியாகத் தண்ணீர் புகுந்தது, தானியங்கிச் சுக்கானின் திருகாணிகள் அதிர்வில் கழன்று விழுந்தன. நீர் இறைக்கும் பம்புக்கான குழாயும் படகில் இல்லை.

இப்படி ஒரு படகோடு தென்கடலுக்குப் போவது சாவுக்குச் சமம். திரும்பினால் கடன் சுமை. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான தகவல்களை அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று பிக்கார்டி என்ற கப்பல் அந்தப் படகை ஆளில்லாமல் கண்டெடுத்தது.

அதே போட்டியில் நைஜல் டெட்லி ஓட்டியதும் ஒரு விக்ட்ரஸ்தான். அவரும் மனைவியும் வீடாகவே வாழ்ந்த பழகிய படகு அது. 1966இல் பிரிட்டனைச் சுற்றிய போட்டியிலும் அதை ஓட்டியிருந்தார். கேப் ஹார்னைத் தாண்டி, போன வழியையே குறுக்கே கடந்து, உலகச் சுற்றை அது முடித்துவிட்டது. குரோஹர்ஸ்ட் வேகமாகப் பின்தொடர்கிறார் என்ற செய்தியை நம்பி, அடிபட்ட படகை டெட்லி மேலும் விரட்டினார். 1969 மே 21 அன்று, அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே, அது உடைந்து மூழ்கியது.