இறக்கிப் பூட்டிய என்ஜின்கள்

டீசல் என்ஜினின் இந்தியக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் தொடக்கத்தை வைத்தே எழுதுகிறார்கள். 1951இல் பெங்களூரில் மைக்கோ, 1954இல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோவும் மெர்சிடிஸ் பென்ஸும், 1955இல் எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று அது போகும். அது தப்பில்லை, ஆனால் புதுவயலில் நின்று பார்த்தால் பாதிக் கதைதான். காரைக்குடியை அடுத்த இந்த ஊருக்கு அரிசி ஆலைகளால்தான் பேர். ஆலை ஓட வேண்டுமென்றால் நெல் வந்து சேர வேண்டும். அரிசியும் தவிடும் உமியும் வெளியே போக வேண்டும். லாரி நுழையாத தெருவுக்கும் களத்துமேட்டுக்கும் சின்ன பிக்கப் வண்டிதான் போகும். இப்படிப்பட்ட ஊர்களில் டீசல் வேரூன்றியதற்குப் புது வண்டிகளின் வரவு மட்டும் காரணமில்லை. பழைய என்ஜினை இறக்கி, பிரித்து, அளந்து, தேய்ந்ததை மாற்றி மறுபடி பூட்டத் தெரிந்த பட்டறைகள் இருந்ததே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

டீசல் நம் லாரிகளுக்குள் வந்த விதமே இதற்கு முதல் சான்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் ஃபோர்டு, செவர்லே, பெட்ஃபோர்டு போன்ற பெட்ரோல் லாரிகள். உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு மட்டுமே இடம் என்ற கொள்கை 1953இல் வந்தபின், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே வண்டி பூட்டுவதை நிறுத்திக்கொண்டன. செய்தவர்கள் போய்விட்டார்கள், வண்டிகள் தங்கிவிட்டன. அப்படிப்பட்ட லாரிகளின் பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பெர்கின்ஸ் பி-6 டீசல் என்ஜினை உட்காரவைப்பது 1950களில் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932இல் தொடங்கிய கம்பெனி 1937இல் கொண்டுவந்த ஆறு சிலிண்டர் என்ஜின் அது. அதே பத்தாண்டில் சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் என்ஜின்களைச் செய்ய ஆரம்பித்தது. ஆக, பல லாரி முதலாளிகள் முதலில் கண்ட டீசல், புது வண்டியோடு வந்ததல்ல. பழைய வண்டிக்குள் மாற்றி இறக்கியது.

இன்னொரு சான்றும் உண்டு. அமால்கமேஷன்ஸ் குழுமம் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸை ஏற்படுத்தியது 1949இல். அதே ஆண்டில் அசோக் மோட்டார்ஸ், வெளிநாட்டிலிருந்து பாகங்களாக வந்த ஆஸ்டின் காரைப் பூட்டிக்கொண்டிருந்தது. முழு வண்டியை இங்கேயே செய்யும் திறன் வருவதற்கு முன்பே பிஸ்டன் செய்யும் தொழில் வந்துவிட்டது என்றால், ஓடித் தேய்ந்த வண்டிகளின் தேவை எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கால டீசல் என்ஜின்களின் அமைப்பும் பிரித்துப் பூட்டும் வேலையை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. தேய்வு அதிகம் விழுவது சிலிண்டரின் மேல்பகுதியில், முதல் ரிங் திரும்பும் இடத்தில். மேலும் கீழும் அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். லைனர் போட்ட என்ஜின் என்றால் பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புது லைனர் இறக்கலாம். இல்லையென்றால் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பட்டறையில் சொல்வது அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு. கிராங்க்கையும் அதே கணக்கில் கடைந்து, அந்தக் குறைவை ஈடுகட்டும் பேரிங்கைப் போடுவார்கள். பெரிய பிஸ்டனையும் தடித்த பேரிங்கையும் கம்பெனிகளே செய்து விற்றன. அப்படியென்றால் இந்த என்ஜின் மூன்று நான்கு முறை பிரிக்கப்படும் என்பதை அதைச் செய்தவர்களே கணக்கில் வைத்திருந்தார்கள். பிறகு ஹெட் ஃபேசிங், வால்வு லேப்பிங், நாசில் சோதனை, பம்ப் கேலிபரேஷன். இவற்றில் எதையும் கண்மட்டத்தில் செய்ய முடியாது. இதை வெறும் ஒட்டுவேலை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அரிசி ஆலை ஊருக்கு இதில் ஒரு தனிக் காரணமும் சேர்கிறது. உமியை எரித்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. ஏர் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால் அந்தத் தூசி உள்ளே போய் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். ஆயில் அடிக்கிறது, புல்லிங் இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று வண்டி பட்டறைக்கு வரும்போது, அதில் பாதி வழக்கு காற்றுக் குழாயில் தொடங்கியதாக இருக்கும்.

இப்படி என்ஜினை இறக்கிப் பூட்டியதெல்லாம் தட்டுப்பாட்டுக் காலத்துக் கட்டாயம், புது வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததால் பழையதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று சிலர் சொல்வார்கள். தொடக்கத்துக்கு அது பொருந்தும். ஆனால் 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு காத்திருப்பு போனது, என்ஜின் இறக்கும் வேலை போகவில்லை. 1986இல் வந்த டாடா 407, பின்னர் வந்த 207, மஹிந்திராவின் பிக்கப்புகள் என எல்லாம் இந்தப் பட்டறைகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தன. சேஸிஸும் பாடியும் உறுதியாக இருக்க, என்ஜின் மட்டும் தேய்ந்த வண்டியை மறுபடி ஓட வைப்பது, புது வண்டிக்குத் தவணை கட்டுவதைவிடச் சிறு முதலாளிக்கு இலேசு. தட்டுப்பாடு தீர்ந்தபின்னும் நின்ற வழக்கத்தைத் தட்டுப்பாட்டின் கணக்கில் எழுத முடியாது.

இதைவிட வலுவான மறுப்பு புகையைப் பற்றியது. பழைய டீசல் புகை நுரையீரலுக்குக் கேடு; இதில் விவாதத்துக்கு இடமில்லை. எத்தனை முறை பிரித்துப் பூட்டினாலும் பழைய என்ஜின், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 தரத்தை எட்டாது. ஆனால் தேய்ந்த ரிங்கோடும் ஒழுகும் நாசிலோடும் ஓடும் வண்டியைவிட, ஒழுங்காக வேலை பார்த்த அதே வண்டி மிகக் குறைவாகவே புகை விடும். வண்டி எப்படியும் இன்னும் சில ஆண்டுகள் ஓடத்தான் போகிறது என்றால், எந்த நிலையில் ஓட வேண்டும் என்பதுதான் கேள்வி. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அந்தச் சோதனையை நேர்மையாக நடத்தினால் நல்ல பட்டறைகளுக்கு அது துணையே தவிர எதிரி அல்ல.

காமன் ரயில் என்ஜின்கள் வந்தபின் இந்த அறிவு செல்லாது என்ற பேச்சும் பாதிதான் சரி. இன்ஜெக்டரும் சென்சாரும் வேறு கைக்குப் போய்விட்டன. பிளாக்கும் கிராங்க்கும் பிஸ்டனும் அப்படியேதான் இருக்கின்றன. அவை இன்றும் பழைய விதத்திலேயே தேய்கின்றன. போரிங் மிஷினில் நின்று அளவு பிடிப்பவரின் தேவை குறையவில்லை. அந்த வேலையைக் கற்க வரும் பிள்ளைகள்தான் குறைந்துவிட்டார்கள்.

காரைக்குடியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1952 முதல் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தூணையும் கதவையும் படமெடுத்து ஆவணமாக்கும் அக்கறையில் ஒரு பங்கு இந்தப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும். போர் அளவும் கிராங்க் அளவும் எழுதிய பழைய பில்களையும், அவற்றை எழுதியவர்களின் சொல்லையும், அவர்கள் தொழிலை விடுவதற்கு முன்பே திரட்டிவிட வேண்டும். அதை அந்த இரண்டு இடத்து மாணவர்களும் சேர்ந்து செய்யலாம்.