நகர் நலமும் நெல்லைச் சீமையும்

தெருவின் தூய்மை ஊராருக்குப் பொதுவானது. வீட்டின் தூய்மை வீட்டாரைச் சார்ந்தது என்பதே நெடுங்கால வழக்கம். வீட்டுச் சாக்கடையையும் கழிப்பிடத்தையும் அரசு அலுவலர் வந்து பார்வையிடும் முறை 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது.

ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில் தொழிலாளர் குடியிருப்புகளின் அவல நிலையை ஆராய்ந்து, எட்வின் சாட்விக் 1842ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். அதன் விளைவாக 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் தோன்றியது. நாற்றமே நோய்க்குக் காரணம் என்று சாட்விக் நம்பினார். மாசுபட்ட குடிநீரே வாந்திபேதியைப் பரப்புகிறது என்பதை 1854இல் இலண்டன் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பம்பைச் சான்றாக வைத்து ஜான் ஸ்னோ விளக்கினார். காரணத்தைப் பிழையாக உணர்ந்தபோதிலும், சாட்விக் வலியுறுத்திய வடிகால்கள் உயிர்களைக் காத்தன என்பது மறுக்கவியலாதது.

நெல்லைச் சீமையும் கொள்ளைநோயின் கொடுமையை அறிந்ததே. 1809 முதல் 1811 வரை இங்கும் மதுரை, கோவைப் பகுதிகளிலும் பரவிய கடுங்காய்ச்சலின் காரணங்களை மருத்துவக் குழு ஒன்று ஆராய்ந்தது. ஆயினும் நிலையான சுகாதார அமைப்பு உருவாக, படைவீரர்களின் சாவே வழிவகுத்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையில் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் மாண்டனர் என்று 1863இல் அரச ஆணையம் அறிவித்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அதன் பணியில் பெரும்பங்கு ஏற்றார். 1864இல் சென்னையில் சுகாதார ஆணையமும், 1865இல் நகர மேம்பாட்டுச் சட்டமும் ஏற்பட்டன. அச்சட்டத்தின்படி 1866இல் தாமிரபரணியின் மேல்கரையில் திருநெல்வேலியும் கீழ்கரையில் பாளையங்கோட்டையும் நகராட்சிகள் ஆயின.

கழிவை அகற்றும் பொறுப்பு இவ்வாறு நகராட்சியைச் சேர்ந்தது. இங்கிலாந்து நகரங்களில் அப்பணியைப் படிப்படியாகக் குழாய்கள் ஏற்றன. தமிழக நகரங்களிலோ எடுப்புக் கக்கூஸ்கள் நீடித்தன. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களே அக்கழிவைக் கையால் அள்ளித் தலையில் சுமந்தனர். தூய்மையின் பயனைத் துய்த்த நகரம், அதை உண்டாக்கியவர்களைத் தீண்டத்தகாதவர் என்று விலக்கியது.

கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 1993இல்தான் இயற்றப்பட்டது. நெல்லை நகராட்சி தோன்றி அப்போது 127 ஆண்டுகள் கடந்திருந்தன. 2013இல் மற்றுமொரு சட்டம் தேவைப்பட்டது. அதன் பின்னரும் பாதாளச் சாக்கடைகளில் மனிதர் மாண்டனர். நகர் நலத்தின் வரலாறு வடிகால்களின் வரலாறு மட்டுமன்று. அவற்றில் இறங்கியவர்களின் வரலாறும் ஆகும். அது இன்னும் முழுமையாக எழுதப்பட வேண்டியுள்ளது.