சிக்க கடியாரத்தடியில் ஒரு கண்ணாடியின் கதை

மைசூரு தேவராஜா மார்க்கெட்டுக்கு வழி கேட்டால் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அடையாளம் ‘சிக்க கடியார’. 1886இல் வைஸ்ராய் டஃபரின் பிரபு மைசூருக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூண்டு அது. மல்லிகைப் பந்தும் வெற்றிலைக் கட்டும் குங்குமக் குவியலும் நிறைந்த சந்தையின் வாசலில் நிற்கிறது. சிக்க என்றால் சின்ன. சற்றுத் தூரம் நடந்தால் டவுன் ஹாலுக்கு அருகில் ‘தொட்ட கடியார’, அதாவது பெரிய கடியாரம். மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சிப் பொறுப்பேற்ற வெள்ளி விழாவுக்காக 1927இல் அரண்மனை ஊழியர்கள் எழுப்பியது. 75 அடி உயரம். முகப்பில் எண்கள் கன்னடத்தில் இருக்கும். கடியாரம் என்ற சொல் நம் தாத்தா பாட்டிகளின் தமிழிலும் புழங்கியதுதான்.

கோட்டை, லஷ்கர், மண்டி, நஜர்பாத் என்று பழைய மைசூரைப் பிரித்த மொஹல்லாக்களில், அதாவது வட்டாரங்களில், ஒன்று இந்தச் சந்தை இருக்கும் தேவராஜ மொஹல்லா. மக்கள் அண்ணாந்து நேரம் பார்த்த காலத்தில் இந்த வட்டாரத்துக்கு ஒரு கடிகாரமே போதுமானதாக இருந்தது. கோபுரத்தின் உச்சியில் இருந்ததால் யார் முழங்கையும் அதன் முகத்தில் இடிக்கவில்லை. கடிகாரம் அங்கிருந்து இறங்கிச் சட்டைப்பைக்கு வந்தபோது அதன் கண்ணாடிக்கு மேல் பல நிறுவனங்கள் உலோக மூடி போட்டன. மணிக்கட்டுக்கு வந்தபோது அந்த மூடியும் போயிற்று. கதவு நிலை, பேருந்துக் கம்பி, கிணற்றுச் சுவர் என எல்லாவற்றிலும் முதலில் மோதுவது கையின் அந்தப் பகுதிதான். கைக்கடிகாரத்தின் வரலாற்றில் பாதி அதன் கண்ணாடியைக் காப்பாற்றும் வரலாறு.

முதல் உலகப் போரில் இந்தச் சிக்கல் உயிர்ப் பிரச்சினையானது. மைசூர் லான்சர்ஸ் குதிரைப்படை 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் போரிட்ட அதே போர். பதுங்கு குழியில் இருந்த அதிகாரிகளுக்குச் சட்டைப்பையைத் துழாவ நேரமில்லை. கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டினார்கள். கண்ணாடி சிதறாமல் இருக்க அதன்மேல் உலோகச் சட்டகம் மாட்டினார்கள். ‘உடையாத கண்ணாடி’ என்ற பெயரில் செல்லுலாய்டும் வந்தது. அது உடையவில்லைதான். ஆனால் நாளாக ஆக மஞ்சளித்தது, எளிதில் தீப்பற்றவும் செய்தது. 1930களில் அக்ரிலிக் வந்த பிறகுதான் இந்தத் தொழில் நிம்மதியாக மூச்சுவிட்டது.

இந்தியர்கள் பெருவாரியாகக் கையில் கட்டிய அக்ரிலிக், எச்.எம்.டி.யின் வழியாக வந்தது. 1953இல் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 1978இல் தும்கூரிலும் ஆலை வந்தது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்ற பெயர்களைச் சொன்னால் கல்யாண மாப்பிள்ளையின் கை நினைவுக்கு வரும் தலைமுறை இன்னும் இருக்கிறது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய ஜனதாவின் முகத்தில் இருந்தது சற்றே குவிந்த அக்ரிலிக் வில்லை. கீறல் விழும். விழுந்தால் பற்பசை தேய்த்தே போக்கிவிடலாம்.

விரிசல் விட்டால்? அங்கேதான் கடைவீதியின் ‘வாட்ச் ரிப்பேர்’ மேசைக்கு வேலை. இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு சிறிய அற்புதம். புதிய கண்ணாடி, அது உட்காரவேண்டிய விளிம்பைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். நண்டுக் கால்கள் போலச் சுற்றிலும் விரல்கள் கொண்ட ஒரு கருவியால் கடைக்காரர் அந்த வில்லையை ஓரங்களில் நெருக்குவார். நெருக்க நெருக்க நடுப்பகுதி மேலே குவியும், விட்டம் குறையும். அப்படியே விளிம்புக்குள் வைத்துக் கருவியைத் தளர்த்தினால் கண்ணாடி தன் பழைய அளவுக்கு விரிந்து விளிம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். பசை கிடையாது, திருகு கிடையாது. வாடிக்கையாளர் நின்றுகொண்டே காத்திருந்து கட்டிக்கொண்டு போய்விடலாம்.

இந்த எளிமைக்குக் காரணம் ஒன்றுதான்: கண்ணாடி தனிப் பாகமாக இருந்தது. அதற்குக் கீழே முள், முள்ளுக்குக் கீழே டயல், டயலுக்குக் கீழே மெஷின். ஒன்று உடைந்ததற்காக இன்னொன்று சாகவேண்டியதில்லை. எந்த நிறுவனத்தின் முத்திரையும் தேவைப்படவில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை விட்டத்தை அளந்து, பொருந்தும் வில்லையை எடுத்தால் வேலை முடிந்தது.

1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. தட்டையான கனிமக் கண்ணாடி பரவலானது. அது அக்ரிலிக்கைவிடக் கீறலைத் தாங்கும். ஆனால் விழுந்த கீறலைத் தேய்த்து எடுப்பது கடினம். விலை உயர்ந்தவற்றில் சஃபையர். 2002இல் வெளியான டைட்டன் எட்ஜ், மூன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குள் சஃபையர் கண்ணாடியையும் அடக்கிக் காட்டியது.

சஃபையர் என்றதும் கேட்பவர்களுக்கு அது எங்கோ வெளியிலிருந்து வந்த பொருளாகத் தோன்றலாம். அதன் கனிமப் பெயர் கொரண்டம். ஆங்கிலத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது தமிழின் ‘குருந்தம்’. சாணைக்கல்லுக்கும் மெருகேற்றுவதற்கும் தென்னிந்தியர் பயன்படுத்திய இந்தக் கல்லைப் பற்றி சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதினார். சேலம், நாமக்கல் பகுதிகளிலும் மைசூர் வட்டாரத்திலும் குருந்தம் கிடைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் செயற்கைக் குருந்தம் வளர்க்கும் முறையை ஓகுஸ்த் வெர்நூய் 1902இல் வெளியிட்டார். ஜனதாவின் டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று எழுதியிருந்ததே, உள்ளே சக்கரங்களின் அச்சு தேயாமல் தாங்கிய அந்தச் சிவப்புக் கற்களும் செயற்கைக் குருந்தம்தான். வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்கு உண்டு. கீறல் அநேகமாக விழாது. பலமாக இடித்தால் மட்டும் உடையும்.

இனி இன்றைய மணிக்கட்டு. 2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தது. அதன் அலுமினிய மாதிரியில் இருந்தது வலுவூட்டப்பட்ட கண்ணாடி. இந்த வகைக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் முக்குவார்கள். மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கமே கண்ணாடிக்கு வலிமை. எஃகு மாதிரிக்கு சஃபையர் போட்டார்கள். பிறகு சில ஆயிரம் ரூபாய்க்கே ஸ்மார்ட்வாட்ச் கிடைக்கும் காலம் வந்தது. கல்லூரி மாணவர், டெலிவரி ஊழியர், நடைப்பயிற்சிக்குப் போகும் பெரியவர் என எல்லார் கையிலும் அது ஏறியது.

பழைய மேசைக்காரரின் நண்டுக் கருவி இங்கே உதவாது. ஸ்மார்ட்வாட்ச்சில் கண்ணாடி, தொடுதலை உணரும் படலம், படம் காட்டும் திரை மூன்றும் ஒளி ஊடுருவும் பசையால் ஒரே பலகையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. அப்படி ஒட்டுவதால் படம் தெளிவாகத் தெரியும், கடிகாரமும் மெலியும். அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேல் கண்ணாடியில் மட்டும் ஒரு கோடு விழுந்தால்கூட, செல்போன் கடைக்காரர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “காம்போ மாத்தணும்.” காம்போ என்றால் முழுப் பலகையும். சூடேற்றிப் பசையை இளக்கி, மெல்லிய கம்பியால் கண்ணாடியை மட்டும் பிரித்தெடுக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு சிறிய திரையில் கம்பி ஒரு நூல் தவறினால் திரையே போய்விடும். மலிவான மாதிரிகளுக்கு உதிரிப் பலகையே சந்தையில் கிடைப்பது அரிது. கைதவறி உடைந்த கண்ணாடி பொதுவாக வாரண்டியில் சேராது. உள்ளே மெஷின் முழு ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் குப்பைக்குப் போகிறது. இது தவிர்க்க முடிந்த இழப்பு.

ஸ்மார்ட்வாட்ச்சின் கண்ணாடி விரிசல் விட்டால் செய்யவேண்டியது கொஞ்சம்தான். தொடுதல் வேலை செய்யும்போதே தரவுகளைச் செல்பேசிக்கு மாற்றிவிட வேண்டும். விரிசலின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் சில்லு தோலில் ஏறாது. தண்ணீர்க் காப்பு அந்த நிமிடமே போய்விட்டதாகக் கருதி, குளியலறைக்கும் மழைக்கும் அதைக் காட்டாமலிருப்பது நல்லது.

தேவராஜ மொஹல்லாவுக்கு விரிசல் புதிதில்லை. 1892இல் கட்டிய லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் தேவராஜா மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி சரிந்தது. இடித்துக் கட்டுவதா, சீர்செய்து காப்பதா என்ற வழக்கு அன்றிலிருந்து இந்த ஊரில் நடந்துகொண்டே இருந்தது. சீர்செய்ய முடியும் என்று மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் வாதாடியது. தொட்ட கடியாரத்திலும் விரிசல்கள் தென்பட்டன. யாரும் அதை இடிக்கச் சொல்லவில்லை, சீர்செய்யும் வேலையைத் தொடங்கினார்கள்.

பழுதுபார்ப்பை ஓர் உரிமையாகப் பேசும் காலம் இது. ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஓர் இணையவாசலும் திறந்தது. வேளாண் கருவிகள், செல்பேசி முதலான மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவை அதன் பட்டியலில் இடம்பெற்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் செல்பேசிகளுக்கும் டேப்லெட்களுக்கும், விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிப் பாகம் கிடைக்கவேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த விதியில் கைக்கடிகாரம் இல்லை.

எச்.எம்.டி. வாட்சஸை மூட 2016 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆலை போயிற்று, ஜனதாவுக்குக் கண்ணாடி மட்டும் இன்றும் கிடைக்கிறது. இந்தியாவில் எழுதப்படும் பழுதுபார்ப்பு விதிகளில் கைக்கடிகாரத்தின் பெயரும் ஏற வேண்டும். கண்ணாடியையும் திரையையும் உதிரிப் பாகமாக நியாய விலைக்கு விற்கும் கடமை கைக்கடிகாரம் செய்பவர்களுக்கு இருக்க வேண்டும்.