இன்டர்வியூ இல்லாத வாசல்



உயர்தரப் பெறுபேறு வந்ததும், "சேர், மருத்துவ பீடத்துக்கு இன்டர்வியூ எப்ப?" என்று சில பெற்றோர் எம்மிடம் கேட்கிறார்கள். அரச பல்கலைக்கழகத்துக்கு அது இல்லை, வெட்டுப்புள்ளிதான். அந்தப் புள்ளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூலம் 400க்கு 229 போதும்; தமிழ்மொழிமூலம் 250 வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் நம்மவர், பதியுதீன் மஹ்மூத். தமிழில் எழுதிய நம் பிள்ளைகளுக்கும் அதே 250தான். இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1974இல் மாவட்டக் கோட்டா. மன்னார், அம்பாறைப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது, யாழ்ப்பாணத்துக்குக் குறுகியது. அந்த வலியையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

2001 முதல் இசட் புள்ளி. இன்று 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பிள்ளையின் பெறுபேற்றில் மாவட்ட நிலையையும் பாருங்கள்.