பூச்சி மருந்தின் கதை: காசர்கோடு முதல் காடாம்புலியூர் வரை



பி.காம். படிக்கிற எனக்கும் பூச்சிக்கொல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது காடாம்புலியூர். பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் முந்திரிக் கொல்லைதான். என் கல்லூரிக் கட்டணமே முந்திரிக்கொட்டை விற்ற காசு. அதனால் இந்தக் கட்டுரையை வெளியில் நின்று எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் யாரும் "பூச்சிக்கொல்லி" என்று சொல்ல மாட்டார்கள். "மருந்து" என்றுதான் சொல்வார்கள். மழைக்காலம் முடிந்து மரம் துளிர் விட்டதும் ஒரு தடவை மருந்து அடிப்பார்கள். பூ வைத்ததும் ஒரு தடவை, பிஞ்சு பிடித்ததும் ஒரு தடவை. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, கொல்லையில் அடிப்பதும் மருந்து. ஆனால் "அவன் மருந்தைக் குடிச்சிட்டான்" என்று யாராவது ஓடி வந்தால் மட்டும் அது எந்த மருந்து என்று எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது! மலையாளத்திலும் இதற்கு மருந்து என்றுதான் பெயர். ஏன் மலையாளத்தை இழுக்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இன்னொரு சொல்லும் உண்டு. பாலிடாயில். சினிமா காமெடியில் எத்தனை முறை கேட்டுச் சிரித்திருப்போம்! அது ஒரு கம்பெனியின் மருந்துப் பெயர். பாரத்தியான் என்ற ரசாயனத்தை ஜெர்மனியின் பேயர் நிறுவனம் "ஃபாலிடால்" என்ற பெயரில் விற்றது. நம் வாயில் அது பாலிடாயில் ஆகிவிட்டது. 1958-ல் இந்த ஃபாலிடாலும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டன. மருந்து கசிந்து மாவில் கலந்தது. அந்த மாவில் செய்ததைச் சாப்பிட்டுக் கேரளாவில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் மாநிலத்திலும் (அப்போது சென்னை மாநிலம்) பாதிப்பு இருந்தது. இதை விசாரிக்க நீதிபதி ஷா தலைமையில் மத்திய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் பூச்சிக்கொல்லிகள் சட்டம். வந்த வருடம் 1968. அதற்கான விதிகள் வந்தது 1971-ல். நூறு பேர் செத்து, சட்டம் வர பத்து வருடம், விதி வர பதின்மூன்று வருடம். இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முந்திரிக்குப் பெரிய எதிரி தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் அது ஒரு நாவாய்ப் பூச்சி. இளந்துளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சும். அது உட்கார்ந்த இடம் கருகிவிடும். பூ கருகினால் கொட்டை இல்லை. எங்கள் கொல்லையிலும் இதே பூச்சிதான், கேரளாவின் வடகோடியில் இருக்கும் காசர்கோட்டிலும் இதே பூச்சிதான்.

காசர்கோட்டில் முந்திரித் தோட்டம் தனியாருடையது இல்லை. கேரளத் தோட்டக் கழகம் என்ற அரசு நிறுவனத்துடையது. நாலாயிரம் ஹெக்டேருக்கும் மேல், எல்லாம் மேடும் பள்ளமுமான மலைச்சரிவு. அவ்வளவு மரத்துக்கும் ஆள் வைத்து மருந்து அடிப்பது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, 1976 வாக்கில் ஹெலிகாப்டரில் தெளிக்க ஆரம்பித்தார்கள். தெளித்த மருந்து எண்டோசல்பான். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வீதம் 2000-ம் ஆண்டு டிசம்பர் வரை, ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் இது நடந்தது.

தோட்டம் தனியாக இல்லை, தோட்டத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் ஊர்கள் இருந்தன. அந்தப் பக்கத்தில் மலையைக் குடைந்து தண்ணீர் எடுக்கிற சுரங்கங்கள் உண்டு, திறந்த கிணறுகள் உண்டு, ஓடைகள் உண்டு. தெளிக்கும்போது கிணற்றை மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்களாம். ஓடையை எதைப் போட்டு மூடுவது?

முதலில் தெரிந்தது மாடுகளில். 1979 வாக்கில் கன்றுக்குட்டிகள் கால் கோணலாகப் பிறப்பதை ஸ்ரீ பத்ரே என்ற விவசாயப் பத்திரிகையாளர் கவனித்து எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு என்மகஜெ ஊராட்சியில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன் குமார், தன்னிடம் வருகிறவர்களில் வலிப்பு, மனவளர்ச்சிக் குறைபாடு, பிறவி ஊனம் எல்லாம் ஒரு சின்னப் பகுதியிலிருந்தே திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தார். தலை மட்டும் பெரிதாக வளர்ந்து, எழுந்து உட்கார முடியாத குழந்தைகள். அந்தப் படங்களை இணையத்தில் பார்த்தேன், முழுவதும் பார்க்க முடியவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் லீலாகுமாரி அம்மா. பெரிய போராட்டத் தலைவர் எல்லாம் இல்லை. அவரே விவசாயத் துறையில் வேலை பார்த்தவர். மருந்தைச் சிபாரிசு செய்கிற துறையிலேயே இருந்துகொண்டு, 1998-ல் ஹோஸ்துர்க் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தெளிப்பதற்குத் தடை வாங்கினார். 2000 அக்டோபரில் அந்தத் தடை உறுதியானது. ஹெலிகாப்டரை நிறுத்தியது ஒரு சாதாரண முன்சீப் கோர்ட்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 2001-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பத்ரே கிராமத்து மக்களின் ரத்தத்தில் எண்டோசல்பான் இருக்கிறது என்றது. தோட்டக் கழகம் ஏற்பாடு செய்து, நம் சென்னைக்குப் பக்கத்தில் படப்பையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு, அப்படி இல்லை என்றது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், மருந்து தெளித்த ஊரையும் தெளிக்காத பக்கத்து ஊரையும் ஒப்பிட்டுப் பார்த்து, தெளித்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகம் என்று 2002-ல் சொன்னது. பிறகு மத்திய அரசின் குழுக்கள் வந்தன, சந்தேகம் கிளப்பின. இன்றைக்கும் "நிரூபிக்கப்படவில்லை" என்று சொல்கிற விவசாய விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. ஆனாலும் என்னை நம்ப வைத்தது அந்த அகமதாபாத் ஆய்வுதான். ஒரே மண், ஒரே மழை, ஒரே சாப்பாடு. இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் ஹெலிகாப்டர் மட்டும்.

எங்களுக்குக் கணக்குப்பதிவியல் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. தோட்டக் கழகத்தின் புத்தகத்தில் மருந்து விலை இருந்திருக்கும், ஹெலிகாப்டர் வாடகை இருந்திருக்கும், முந்திரி விற்ற பணம் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் சரியாக டேலி ஆகியிருக்கும், ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு தாய் இருபது வருடம் வேலைக்குப் போகாமல் படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாளே, அந்தச் செலவு அந்தப் புத்தகத்தில் இல்லை. அவள் வீட்டில் இருந்தது. அதற்கு வவுச்சர் கிடையாது.

உலக அளவில் 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் எண்டோசல்பானைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதுவரை இந்தியா எதிர்த்துக்கொண்டிருந்தது. உலகத்திலேயே அதிகம் தயாரித்தது நாம்தான், அதில் ஒரு கம்பெனி மத்திய அரசுடையது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். 2011 மே 13-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்தியது. இதே எண்டோசல்பானை இலங்கை 1998-லேயே தடை செய்துவிட்டது. அங்கே விஷம் குடித்துச் சாகிறவர்கள் அதிகமாக இருந்ததால், 1995-லிருந்து கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். பத்து வருடத்தில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

நஷ்ட ஈடு கதை இன்னும் மோசம். ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய், மூன்று மாதத்தில் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரி 10-ல் கேரள அரசுக்கு உத்தரவு போட்டது. மூன்று மாதம் என்பது ஐந்து வருடம் ஆயிற்று. 2022 மே மாதம் வழக்கு மறுபடி வந்தபோது தெரிந்தது, 3,704 பேரில் பணம் கிடைத்தது 8 பேருக்கு. அதுவும் அவமதிப்பு வழக்குப் போட்ட 8 பேருக்கு! நீதிபதிகள் கோபமாகவே கேட்டார்கள். 1968-க்கும் 2022-க்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

காசர்கோட்டைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான். அங்கே மருந்து அடித்தவர் ஒரே ஆள். அரசு நிறுவனம், அலுவலகம் உண்டு, ரிஜிஸ்டர் உண்டு. என்ன மருந்து, எந்தத் தேதி, எத்தனை லிட்டர் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டு. வானத்தில் சத்தம் போட்டுக்கொண்டு வந்த ஹெலிகாப்டரை எல்லோரும் பார்த்தார்கள். அப்படி இருந்தும் நிரூபிக்க இத்தனை வருடம். பண்ருட்டி வட்டாரத்தில் எத்தனை ஆயிரம் பேர்? ஒவ்வொருவரும் அவரவர் கொல்லையில் அரை ஏக்கர், இரண்டு ஏக்கர் அடிக்கிறார்கள். முதுகில் மிஷின், தலையில் துண்டு, மேலே சட்டை கூட இல்லாமல். மரத்தின் மேலே பீய்ச்சினால் பாதி அவர்கள் தலையிலேயே விழும். சாயங்காலம் தலைவலி, கண்ணெரிச்சல் என்றால் வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். யார் மேல் வழக்குப் போடுவது? நாளைக்கு ஒரு மோகன் குமார் எங்கள் ஊருக்கு வந்தாலும், எதோடு எதை ஒப்பிட்டுப் பார்ப்பார்? மருந்து அடிக்காத பக்கத்து ஊர் எங்கே இருக்கிறது?

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல், குடிக்காமலேயே, காற்றிலும் தோலிலும் ஏறிய விஷத்தால் இறந்துபோனார்கள். முந்திரிக்குப் பல வருடம் சிபாரிசு செய்யப்பட்ட மோனோகுரோட்டோபாஸும் சிவப்பு முக்கோணம் போட்ட கடும் விஷம். பீகாரில் 2013-ல் பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது அதுதான். அதன் 36 சதவீதக் கரைசலை நிறுத்த மத்திய அரசு உத்தரவு போட்டது 2023-ல். இருக்கிற சரக்கை விற்றுத் தீர்க்க ஒரு வருட அவகாசமும் கொடுத்தார்கள்.

மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. முசுறு என்று சொல்வோமே, மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, அது தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்னும். ஆஸ்திரேலியாவிலும் ஆப்பிரிக்காவிலும் முந்திரித் தோப்பில் முசுறை வைத்தே இந்த மாதிரிப் பூச்சிகளைக் கட்டுப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆயாவிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல கொட்டை பொறுக்கப் போனா முசுறு கடிச்சி ஒடம்பெல்லாம் தடிச்சிப் போவும்டா, இப்ப எங்க இருக்குது?" என்றார். மருந்து அடித்தால் பூச்சிக்கு முன்னால் சாவது அந்த எறும்புதான்.

அப்பாவிடமும் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "அடிக்கலன்னா பூவெல்லாம் கருகிப் போவும். வருசத்துக்கு ஒரு தடவதான் காசப் பாக்குறோம். எறும்ப நம்பி ஒம் பீசக் கட்ட முடியுமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கேரளத் தோட்டக் கழகத்தைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

விடாமல் இன்னொன்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நம் கொல்லையில் என்னென்ன மருந்து அடித்தோம்? கொஞ்ச நேரம் யோசித்தார். "தானே புயலுக்கு முன்னாடி எண்டோசல்பான்தான். அப்புறம் செவப்பு மூடி போட்ட ஒண்ணு. போன வருசம் கடைக்காரரு ரெண்ட கலந்து குடுத்தாரு, பேரு தெரியல" என்றார். தானே அடித்தது 2011 டிசம்பர் 30-ல். உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானை நிறுத்தியது அதே வருடம் மே மாதம். ஒன்று தேதி தெரியாமலும் இன்னொன்று பெயர் தெரியாமலும் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பீரோவில் பழைய பில் ஏதாவது இருக்குமா என்று அன்று ராத்திரி தேடினேன். நிலவரி ரசீது இருந்தது, கரண்ட் பில் இருந்தது, முந்திரி மூட்டை எடை போட்ட துண்டுச் சீட்டுகள் கூட இருந்தன. மருந்து வாங்கிய பில் ஒன்று கூட இல்லை. இந்த வருடம் துளிர் வந்ததும் என்ன வாங்குகிறோம், எத்தனை மில்லி, எந்தத் தேதி அடித்தோம், அடித்தவருக்கு மறுநாள் எப்படி இருந்தது என்று எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் இப்போதைக்கு அப்பா சொன்ன அந்த மூன்று வரிகள்தான் இருக்கின்றன.