ஹட்சன் ஊரில் ஆறு வருடம் கேட்கப்பட்ட கேள்வி



விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாளில் மைதானத்து ஓரப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்தில் கருகி நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். களைநாசினி அடித்திருப்பார்கள். பள்ளிவாசல் முற்றத்திலும் மையவாடியிலும் இதே கதைதான். துப்புரவாக இருக்கிறதென்று நாமும் சந்தோஷப்பட்டிருக்கிறோம். இந்தத் தவணை ஒரு மாணவி, "அந்தப் புல்லுக்குள்ளதான் எங்கட உம்மா வல்லாரை பிடுங்குற, சேர்" என்றாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அதனால்தான் இன்று ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் வட அமெரிக்காவில் வீட்டு முற்றத்துக்குப் புல் விதைக்கும்போது வெள்ளைக் குளோவர் விதையையும் கலந்தே விதைப்பார்கள். அது நம் பயறு, கௌபி இனத்தைச் சேர்ந்த சிறு செடி. காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். பூவில் தேனீ மொய்க்கும். 1940களின் நடுவில் 2,4-டி என்ற களைநாசினி சந்தைக்கு வந்தது. அது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். குளோவரும் அதில் செத்தது. நேற்றுவரை நல்ல செடியாக இருந்தது 'களை' ஆனது. இலவசமாக உரம் தந்த செடி போனதும் உரத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டி வந்தது. பூவில்லாத முற்றத்தில் தேனீக்கும் வேலையில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மொன்ட்ரியல் நகருக்கு மேற்கே ஹட்சன் என்ற ஊர் இருக்கிறது. சனத்தொகை ஐயாயிரம் அளவுதான். அங்கே ஜூன் இர்வின் என்ற தோல் வைத்தியர் இருந்தார். தன்னிடம் வரும் நோயாளிகளின் வருத்தங்களுக்கும் முற்றங்களுக்கு அடிக்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். 1985 முதல் நகரசபைக் கூட்டங்களுக்குப் போய் அதே விடயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். 1991இல் சபை உபவிதி 270ஐ நிறைவேற்றியது. வெறும் அழகுக்காக முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் பீடைநாசினி அடிப்பது நிறுத்தப்பட்டது.

மருந்தடிக்கும் இரண்டு கம்பனிகள் வழக்குப் போட்டன. மத்திய அரசு பதிவு செய்த மருந்து, மாகாணம் தந்த அனுமதிப்பத்திரம், இதில் ஒரு சின்ன நகரசபைக்கு என்ன அதிகாரம் என்பது அவர்களின் வாதம். கீழ் நீதிமன்றத்திலும் மேன்முறையீட்டிலும் தோற்று, கடைசியில் கனடாவின் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2001 ஜூன் 28இல் ஏழு நீதியரசர்களும் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். பெரும் கேடு வரலாம் என்ற அச்சம் இருக்கும்போது, முழுமையான விஞ்ஞான நிரூபணம் இல்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்ற முற்காப்புக் கொள்கையும் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது.

அதன்பின் கியூபெக் 2003இல் மாகாணம் முழுவதற்கும் விதிகள் கொண்டுவந்தது. ஒன்டாரியோ 2009 ஏப்ரல் 22 முதல் அழகுக்காக அடிப்பதைத் தடைசெய்தது. ஒன்டாரியோவின் தலைநகரான டொரன்டோ 2016இல் கனடாவின் முதல் 'தேனீ நகரம்' என்ற பெயரைப் பெற்றது.

இதை வாசிக்கும் நம்மூர் வயல்காரர்களுக்கு 2021 ஞாபகம் வரும். ஒரே அறிவிப்பில் உரமும் மருந்தும் நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்த முடிவு கைவிடப்படும்வரை அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஹட்சன் செய்தது அதுவல்ல. அந்த உபவிதி விவசாயியைத் தடுக்கவில்லை. பாவிக்கும் மருந்துகளின் பட்டியலை வருடாவருடம் பதிவு செய்யச் சொன்னது, அவ்வளவுதான். கோல்ஃப் மைதானத்துக்கும் ஐந்து வருட அவகாசம் கொடுத்தது. சோற்றுக்காக அடிப்பது வேறு, பார்வைக்காக அடிப்பது வேறு என்று பிரித்துப் பார்த்தது. அந்தப் பிரிப்புத்தான் அதை நிலைக்க வைத்தது என்று நாம் நினைக்கிறோம்.

நம் பாடசாலை மைதானத்தில் நெல் விளைவதில்லை. அங்கே பிள்ளைகள் விழுந்து எழும்புகிறார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் பூசணியும் பாகலும் படர்ந்திருக்கின்றன. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வந்து மகரந்தம் கொண்டுபோகாவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். குர்ஆனில் ஒரு சூராவே தேனீயின் பெயரில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம், அது வந்து இருக்கும் பூவைக் கருக்கிவிடுகிறோம்.

எங்களுடைய கோரிக்கை சிறியது. அடுத்த விடுமுறையில் மருந்துக் கேனுக்குப் பதிலாக மண்வெட்டியோடு ஒரு சிரமதானம் வைப்போம். பிள்ளைகள் ஓடும் இடத்தில் புல்லை வெட்டுவோம். மதில் ஓரத்தில் நாலு முழ அகலத்துக்குத் தும்பையும் வல்லாரையும் துளசியும் நிற்கட்டும். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பள்ளிவாசல் நிர்வாகசபையிலும் இதைக் கேட்கப்போகிறோம். முதல் கூட்டத்தில் சரிவராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேட்போம். ஜூன் இர்வின் ஆறு வருடம் கேட்டார்.

எங்களோடு வரக்கூடியவர்கள் கீழே ஒரு சொல் எழுதுங்கள். மண்வெட்டி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.